புள்ளிக் கங்காரு போதாது: எமது தமிழ்ப் பாடசாலைச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செயற்குழுவினருக்கு,

அவுஸ்திரேலியாவின் பூர்வகுடிகள் பற்றிய ஆறு வாரப் பாடத்தை இரண்டாம் தவணையிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு பக்கப் பயிற்சித்தாள் ஒன்றைக் கொடுத்தால் போதும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. இதை எழுதும் நாங்கள் இந்தப் பாடசாலையின் ஆசிரியர்களும் பெற்றோரும். எங்களில் சிலர் வாரநாட்களில் அரச பாடசாலைகளில் இதே பாடத்தைக் கற்பிப்பவர்கள்.

முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம். முதற்பக்கத்தில் ஒரு கங்காருவின் கோட்டுருவம். காதுக்குச்சியை வண்ணத்தில் தோய்த்துப் புள்ளி வைத்து நிரப்ப வேண்டும். மூலையில் ஒரு பூமராங், ஒரு டிஜெரிடூ எனும் நீண்ட மரக்குழல் வாத்தியம். கீழே மூன்று வரிகள்: காட்டில் வாழ்ந்தார்கள், வேட்டையாடினார்கள், குகைகளில் ஓவியம் வரைந்தார்கள். எல்லாமே இறந்தகாலம். 2021 குடிசன மதிப்பீட்டில் தம்மை அபோரிஜினல் அல்லது டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் என்று பதிந்தவர்கள் 812,728 பேர். அவர்களில் பெருந்தொகையினர் வாழும் நகர்ப்பகுதிகளில் ஒன்று, நமது பிள்ளைகள் சனிக்கிழமை தோறும் கடந்து வரும் பிளாக்டவுன். வாரநாள் வகுப்பில் பக்கத்து மேசையில் இருக்கும் பிள்ளையைப் பற்றி 'வாழ்ந்தார்கள்' என்று எழுதிப் பழகச் சொல்கிறது இந்தத் தாள்.

புள்ளி ஓவியத்தில் குறையில்லை. ஆனால் இன்று உலகம் அறிந்த வடிவில் அது 1971இல், அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே 240 கி.மீ. தொலைவிலுள்ள பப்புன்யாவில், மேற்குப் பாலைநிலத்து மூத்தோர் பலகையிலும் துணியிலும் வரையத் தொடங்கியபோது உருவானது. அந்தப் படங்களில் இருப்பவை குறிப்பிட்ட குடும்பங்களுக்கு உரிய கதைகளும் இடங்களும். யார் எதை வரையலாம் என்பதற்கு அவர்களிடம் உரிமை முறை உண்டு. டிஜெரிடூ வடக்கே ஆர்ன்ஹெம் நிலத்துக்கு உரியது; சில சமூகங்களில் பெண்கள் அதை ஊதுவதில்லை. இரண்டும் 2,000 கி.மீ.க்கு அப்பாலிருந்து வந்தவை. யாழ்ப்பாணத்துப் பண்பாடு என்று சொல்லி ராஜஸ்தான் பொம்மலாட்டத்தைக் காட்டினால் நாம் சும்மா இருப்போமா?

நமது பாடசாலை நிற்பது மேற்குச் சிட்னியின் பூர்வகுடிகளான தாருக் மக்களின் நிலத்தில். இந்தப் பக்கத்துக் கலை மணற்பாறையில் இருக்கிறது. கு-ரிங்-காய் சேஸ் பூங்காவில் பாறைத்தளத்தில் செதுக்கிய மீன்களும் மனித உருவங்களும் உண்டு. குளென்புரூக்கின் ரெட் ஹாண்ட்ஸ் குகையில் கையைச் சுவரில் வைத்து, காவிக் குழம்பை வாயால் ஊதிப் பதித்த கைத்தடங்கள் இருக்கின்றன. மேற்குச் சிட்னியிலிருந்து ஒரு நாளில் போய்வரலாம். போவதென்றால் தேசியப் பூங்காவின் அறிவித்தலை முதல்நாளே பார்த்துவிட வேண்டும். மழைக்குப் பிறகு வாகனம் கடக்கும் தாழ்பாலம் மூடப்படுவதுண்டு. பாறையைத் தொடவோ, கோட்டைத் தெளிவாக்க ஈரத்துணியால் துடைக்கவோ, சோக்கால் வரையவோ கூடாது. காலை பத்து மணிக்கு முன்போ பிற்பகலிலோ வெயில் சாய்வாக விழும்போது செதுக்கல் தானாகத் துலங்கும். நண்பகலில் பேருந்து நிறையப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், ஒன்றும் தெரியவில்லை என்ற சலிப்போடுதான் திரும்புவார்கள்.

இரண்டாம் பக்கம் இதைவிட மோசம். அபோரிஜினல் மக்கள் கடல்கொண்ட குமரிக்கண்டத்திலிருந்து பிரிந்துபோன ஆதித்தமிழர் என்கிறது அது. சான்றாக ஏழெட்டுச் சொற்களை நிரைப்படுத்தியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பாடசாலைத் தாளில் வந்திருக்கிறது.

திராவிட மொழிகளின் பிரதிப்பெயர்களுக்கும் அவுஸ்திரேலிய மொழிகள் சிலவற்றின் பிரதிப்பெயர்களுக்கும் ஒப்புமை இருப்பதாகக் கால்ட்வெல் 1856இலேயே எழுதினார் என்பது உண்மை. பின்னர் இந்த மொழிகளை முறையாக ஆராய்ந்தவர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. இங்கே 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. அத்தனையிலும் தேடினால் ஓரசை, ஈரசைச் சொற்களில் ஏழெட்டு எந்த மொழியோடும் பொருந்தும். குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற பெயர் 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் வைத்தது. மடகஸ்காரிலும் இந்தியாவிலும் கிடைத்த விலங்கினங்களின் ஒற்றுமையை விளக்க ஒரு நிலத்தைக் கற்பனை செய்தார். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்தக் கற்பனைக்குத் தேவை இல்லாமல் போயிற்று. மரபணுவைப் பொறுத்தவரை, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து கலப்பு நடந்திருக்கலாம் என்று 2013இல் ஓர் ஆய்வு சொன்னது. 2016இல், தந்தைவழி வரும் வை (Y) நிறமூர்த்தங்களை முழுமையாகப் படித்த ஆய்வு அதற்குச் சான்று காணவில்லை. பிரிவு ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் பழையது என்றது. வடக்கே மஜெட்பெபேயில் மனிதர் வாழ்ந்த தடயங்களுக்கு 65,000 ஆண்டுகள் வரை வயது கணித்திருக்கிறார்கள். முங்கோ ஏரியில் புதைக்கப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 42,000 ஆண்டுகள். தமிழ் எவ்வளவு தொன்மையானதென்று சொன்னாலும் இந்தக் கணக்குக்குள் அது வராது.

பிழையான தகவல் என்பதோடு இது முடிவதில்லை. இவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள்தானே என்ற பேச்சு, இந்த நாட்டில் நிலவுரிமையை மறுப்பவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் வாதம். அதை நமது பெருமைக்காகத் தமிழில் அச்சடித்துப் பிள்ளை கையில் கொடுக்கிறோம்.

பாடத்தை நீக்கியதற்கு நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறோம்.

வாரநாள் பாடசாலையில் படிக்கிறார்களே என்றீர்கள். படிக்கிறார்கள், ஆங்கிலத்தில். ஆனால் குடிகாரர், அரசாங்கக் காசில் இருப்பவர், அந்தப் பக்கம் வீடு வாங்காதே என்ற பேச்சை அவர்கள் கேட்பது நமது வீடுகளின் சாப்பாட்டு மேசையில், தமிழில். ஆங்கிலப் பாடம் அந்தப் பேச்சுக்குள் நுழைவதில்லை. அம்மம்மாவோடு வாதாடப் பிள்ளையிடம் தமிழ்ச் சொற்கள் இல்லை. அந்தச் சொற்களைக் கொடுக்கக்கூடிய இடம் நமது சனிக்கிழமை வகுப்பு மட்டுமே.

கொலைக் கதைகள் சிறுவரைப் பயமுறுத்தும் என்றீர்கள். வயதறியாமல் சொன்னால் பயமுறுத்தத்தான் செய்யும். எந்த வயதுக்கு எதை, எப்படி என்பதே நீக்கப்பட்ட பாடத்தின் முக்கால் பங்கு. அதைப் படித்துப் பார்த்துத்தான் நீக்கினீர்களா என்ற ஐயம் எங்களுக்கு உண்டு. ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

ஐந்து முதல் ஏழு வயதுவரை வரலாறு வேண்டாம், இடம் போதும். பரமட்டா விலாங்குமீன் நிறைந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த பர்ரமட்டகல் மக்களின் இடம். ரக்பி அணிக்கு ஈல்ஸ் (விலாங்குகள்) என்று பெயர் ஏன் என்று அங்கிருந்து தொடங்கினால் வகுப்பே கண்விழிக்கும். சிட்னித் துறைமுகத்தில் மீன்பிடிப்பதில் வல்லவர்கள் பெண்கள். மரப்பட்டைப் படகில் களிமண் தட்டின் மேல் நெருப்பு மூட்டி, சங்குப்பூச்சியின் ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டிலை இறக்கி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மீன் பிடித்தார்கள். பென்னலோங்கின் மனைவி பரங்காரு அப்படியொருவர். இந்த வயதில் செய்முறை வேண்டுமென்றால் தெருவோர நடைபாதைகளில் நகரசபை நட்டிருக்கும் லொமாண்ட்ரா புல்லைக் காட்டி, அதன் நீண்ட இலையால் கூடை பின்னுவார்கள் என்று சொல்லலாம். பின்னக் கற்றுக்கொடுப்பதை அதற்கு உரியவர் வரும் நாளுக்கு விட்டுவிடுங்கள். முகத்தில் வண்ணம் பூசுவது, இறகு கட்டி ஆடவிடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

எட்டு முதல் பத்து வயதுக்கு, சண்டை ஏன் வந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறது: அவர்களுக்கு நாகரிகம் தெரியாது என்று. நாங்கள் பயன்படுத்தும் முறை இது. ஒரு பெரிய தாளில் ஹோக்ஸ்பரி ஆற்றை வரையுங்கள். தாருக் மக்களுக்கு அது டையரபின். இரு கரையிலும் மஞ்சள் தாளில் வெட்டிய சிறு வட்டங்களை ஒட்டுங்கள். அவை கரையோர வண்டலில் விளைந்த கிழங்குப் பாத்திகள், மக்களின் அன்றாட உணவு. கிழங்கைக் கிண்டி எடுத்தபின் மீந்ததை மண்ணிலேயே விட்டு அடுத்த பருவத்துக்கு வளர விடுவார்கள் என்று சொல்லுங்கள். பிறகு 1794 என்று எழுதிய அட்டையை எடுத்து வையுங்கள். அந்த ஆண்டு குடியேறிகளுக்கு அதே வண்டல் கரை பிரித்துக் கொடுக்கப்பட்டது. பச்சைத் தாள் சதுரங்களை, அதாவது சோளத் தோட்டங்களை, மஞ்சள் வட்டங்களின் மேலேயே ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டி முடியும்போது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: இப்ப அவை என்னத்தைச் சாப்பிடுறது? மறுமொழியை அவர்களே சொல்வார்கள், சோளத்தை என்று. அப்படித்தான் நடந்தது. விளைந்த சோளத்தைத் தாருக் மக்கள் எடுத்தார்கள், குடியேறிகள் சுட்டார்கள், பழிக்குப் பழி நடந்தது, 1795இல் படை அனுப்பப்பட்டது. நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். பசையைத் தாராளமாகக் கொடுக்காதீர்கள். தாள் நனைந்து பிள்ளைகளின் கவனம் அதிலே போய்விடும்.

இதே வயதில், குடியேறிகளை எதிர்த்துப் போராடிய பெமுல்வுய் வரவேண்டும். அவர் பிஜிகல் குலத்தவர். 1797 மார்ச்சில் டூங்காபி அரசுப் பண்ணையைத் தாக்கி, பரமட்டாவில் படையோடு மோதி, ஏழு குண்டுத்துகள்கள் உடலில் பாய்ந்த நிலையில் பிடிபட்டு, காலில் இரும்பு வளையத்தோடு மருத்துவமனையிலிருந்து தப்பினார். 1802இல் கொல்லப்பட்டார். அவரது தலை வெட்டப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டதை பன்னிரண்டு வயதுக்கு மேல் சொன்னால் போதும். டூங்காபியிலிருந்து வரும் பிள்ளைகள் வகுப்பில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பிறகு மரியா லொக். 1814 டிசம்பரில் ஆளுநர் மக்குவாரி பரமட்டாவில் பூர்வகுடிகளைக் கூட்டி, அவர்களின் பிள்ளைகளுக்கென ஒரு நிறுவனத்தை அறிவித்தார். அதில் சேர்க்கப்பட்டவர்களில் யாரமுண்டியின் மகள் மரியாவும் ஒருவர். 1819 பரீட்சையில், ஐரோப்பியப் பிள்ளைகள் ஏறத்தாழ 100 பேரும் எழுதியதில், முதற்பரிசு அவருக்கு. 1823இல் நிறுவனம் ரிச்மண்ட் வீதிப் பக்கம் மாற்றப்பட்டது. பிளாக்டவுன் என்ற பெயர் அதையொட்டி வந்ததுதான். மரியாவின் சகோதரர் கோல்பிக்கும், நர்ரகிஞ்ஜி என்ற இன்னொரு தாருக் மனிதருக்கும் மக்குவாரி 30 ஏக்கர் கொடுத்திருந்தார். கோல்பி இறந்தபின் அந்த நிலம் தனக்கு வேண்டுமென்று மரியா 1831இல் ஆளுநருக்கு மனு எழுதினார், 1843இல் கிடைத்தது. பிறந்தநாள் விருந்துகளுக்கு நாம் மண்டபம் பிடிக்கும் டூன்சைட் நர்ரகிஞ்ஜி பூங்காவின் பெயர் எங்கிருந்து வந்தது என்று இனியாவது தெரிந்திருக்கட்டும். மரியாவின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். நிறுவனம் இருந்த நிலம் 2018இல் தாருக் மக்களிடம் திரும்பியது. பரீட்சைப் பெறுபேற்றைத் தவிர வேறெதையும் மதிக்காத நமது பெற்றோருக்கும் இந்தப் பாடம் பிடிக்கும்.

பிரிக்கப்பட்ட தலைமுறைகள் பற்றிச் சொல்லும்போதுதான் ஆசிரியர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். நியூ சவுத் வேல்ஸின் 1909 சட்டமும், நீதிமன்ற விசாரணையின்றியே பிள்ளைகளை எடுக்க அதிகாரம் கொடுத்த 1915 திருத்தமும், கூட்டமுண்ட்ரா பெண்பிள்ளைகள் இல்லமும், கின்செலா ஆண்பிள்ளைகள் இல்லமும் பத்து வயதுக்கு மேல். அதற்குக் கீழே, குடும்பத்திலிருந்து பிள்ளைகளைப் பிரிக்க ஒரு சட்டம் இருந்தது, இப்போது அந்தச் சட்டம் இல்லை, 2008 பெப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், தேடித் திரும்பி வந்தவர்களும் உண்டு என்ற அளவு போதும். இதை வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் சொல்லக்கூடாது. முதற்பாதியில் சொல்லி, கேள்விகளுக்கு இடம்விட்டு, வேறொரு வேலையோடு வகுப்பை முடிக்க வேண்டும். பிள்ளைகளை நிரையாக நிறுத்தி, சிலரைப் பிரித்து மூலைக்குக் கொண்டுபோய் நடித்துக் காட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து அது வேண்டாம். முகாமையும் காணாமற்போனவர்களையும் வீட்டுக்குள்ளே வைத்திருக்கும் குடும்பங்கள் நமது பாடசாலையில் பல. ஒரு வாரம் முன்னதாகப் பெற்றோருக்குத் தமிழில் குறிப்பு அனுப்ப வேண்டும்.

பதின்மூன்று வயதுக்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. 1816 ஏப்ரல் 17 அன்று மக்குவாரியின் ஆணையில் புறப்பட்ட படை அப்பினில் மக்களைச் செங்குத்துப் பாறைவிளிம்புக்குத் துரத்தியது. குறைந்தது 14 பேர் இறந்ததாகப் படைத்தலைவரின் அறிக்கையே சொல்கிறது. 1838 ஜூன் 10 அன்று மயால் கிரீக்கில் குறைந்தது 28 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்காக ஏழு பேர் தூக்கிலிடப்பட்டது அந்நாளில் அரிதிலும் அரிது. ஆனால் கொலைகளோடு நிறுத்தினால் பிள்ளைக்கு இரக்கம் மட்டும்தான் மிஞ்சும். பிரித்தானியக் குடியேற்றம் தொடங்கிய நாளை, 1938 ஜனவரி 26இல், துக்கநாளாக அறிவித்துச் சிட்னியில் கூடிய ஜாக் பட்டன், வில்லியம் பெர்கசன். 1965இல் பேருந்தில், பூர்வகுடிகளை அனுமதிக்காத மொறி நீச்சல்குளம்வரை போன சார்ல்ஸ் பேர்கின்ஸ். 1966இல் வேவ் ஹில் கால்நடைப் பண்ணையில் வேலையை விட்டு வெளியேறிய வின்சென்ட் லிங்கியாரி. பூர்வகுடிகளின் நிலவுரிமையை ஏற்ற 1992 ஜூன் 3 தீர்ப்பைப் பார்க்க உயிரோடு இல்லாத, அந்த வழக்கைத் தொடுத்த எடி மாபோ. இவர்கள் இல்லாத பாடம் அரைப்பாடம்.

இந்த வயதில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: அப்ப நாங்களும் பறிச்ச காணியிலயா இருக்கிறம்? ஆசிரியர் தடுமாறி, நாங்கள் அகதியாக வந்தனாங்கள் என்று சொல்லி மூடிவிடுகிறார். அகதியாக வந்தது உண்மை, ஆனால் அது கேள்விக்கு மறுமொழி அல்ல. நாம் யாரையும் சுடவோ துரத்தவோ இல்லை. ஆனால் நமது வீட்டு உறுதியைப் பின்னோக்கித் தேடிப்போனால் முதலில் இருப்பது பிரித்தானிய முடியாட்சி கொடுத்த காணி, அதற்குமுன் யாரிடம் இருந்தது என்று அதில் ஒரு வரியும் இல்லை என்று நேரே சொல்லலாம். நியூ சவுத் வேல்ஸில் நிலவுரிமைச் சட்டம் 1983இல் வந்தது, நமது ஆடிக்கலவர ஆண்டில். அந்தச் சட்டப்படி நிலவுரிமை மன்றங்கள் முடியாட்சியின் பயன்படா நிலத்தைக் கோருகின்றன, தனியார் வீட்டை அல்ல என்றும் சொல்ல வேண்டும். வீட்டைப் பறிப்பார்கள் என்ற பயத்தைக் கிளப்பும் பேச்சு நமக்குள்ளும் உலாவுகிறது.

கடைசியாகச் செலவு. தாருக் கல்வியாளர் ஒருவரை அழைத்தால் பணம் கொடுக்க வேண்டும் என்றீர்கள். ஆம், கொடுக்கத்தான் வேண்டும். பரதநாட்டிய ஆசிரியருக்கும் ஒலியமைப்புக்காரருக்கும் கொடுக்கிறோமே. டீரப்பின் நிலவுரிமை மன்றத்தையோ, அபோரிஜினல் கல்வி ஆலோசனைக் குழுவின் உள்ளூர்க் கிளையையோ ஒரு தவணை முன்னதாகத் தொடர்புகொள்ள வேண்டும். மே, ஜூலை மாதங்களில் அவர்களுக்கு ஓய்வே இருக்காது. எதைப் பேச விருப்பம் என்று அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எப்படி அழைக்க வேண்டும் என்றும் கேளுங்கள். நம் பிள்ளைகள் எல்லோரையும் அன்ட்டி, அங்கிள் என்பார்கள், அங்கே அது மூத்தோருக்கான மதிப்புப் பெயர். வகுப்பாசிரியர் அறையைவிட்டுப் போகக்கூடாது. இறந்தவர்களின் படத்தையோ குரலையோ காட்டுவதானால் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

பூர்வகுடிகளின் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டொக் வாரத்தில் இந்தத் தாளைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது ஜூலை முதல் ஞாயிறு தொடங்கும். இந்த மாநிலத்தில் பெரும்பாலும் விடுமுறைக்குள் விழும், நமது பாடசாலையும் பூட்டியிருக்கும். நல்லிணக்க வாரமோ மே 27 முதல் ஜூன் 3 வரை, தவணையின் நடுவில் வருகிறது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

அந்தப் பயிற்சித்தாளை எல்லா வகுப்புகளிலிருந்தும் மீளப்பெறுங்கள். குமரிக்கண்டப் பக்கம் பிழை என்று பெற்றோருக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஏற்கெனவே பலர் அதைப் படமெடுத்துப் பகிர்ந்துவிட்டார்கள்.

ஆறு வாரப் பாடத்தை இரண்டாம் தவணையில், நல்லிணக்க வாரத்தோடு முடியும்படி, சனிக்கிழமைக்கு 40 நிமிடமாக மீண்டும் சேருங்கள். உயர்தரப் பரீட்சை வகுப்பிலிருந்து நேரம் எடுக்க வேண்டியதில்லை. விழா ஒத்திகையிலிருந்து எடுக்கலாம்.

இந்த ஆண்டுக் கணக்கிலேயே தாருக் கல்வியாளரின் வருகைக்குத் தொகை ஒதுக்குங்கள். பாடத்தின் தமிழ் வாசகத்தை, ஆங்கில விளக்கத்தோடு, அச்சிடுமுன் அவருக்குக் காட்டி, அதற்கும் பணம் கொடுங்கள்.

விழாக்களில் நிலத்தின் உரிமையாளரை நினைவுகூரும் வாசகத்தில் தாருக் மக்களின் பெயரைச் சொல்லுங்கள். இப்போது வாசிப்பதில் எந்தப் பெயரும் இல்லை. வரவேற்பு என்று தலைப்பிடாதீர்கள். தம் நிலத்துக்கு வரவேற்கும் உரிமை தாருக் மக்களுக்கே.

ஜனவரி 26இல் வைக்கும் பாடசாலை ஒன்றுகூடலை வேறொரு நாளுக்கு மாற்றுங்கள்.

முதலாம் தவணை முடியுமுன் எழுத்தில் மறுமொழி வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்வைப்போம்.

இப்படிக்கு,
பாடசாலையின் ஆசிரியர்களும் பெற்றோரும்
தாருக் நிலம், மேற்குச் சிட்னி